கொண்டித்தொழுவும் அதன் ஊழியரும்

ஊர்க்கோடியில் நான்கு சுவரும் ஒரு மரக்கதவும் கொண்டு, கூரையின்றியோ பாதிக் கூரையுடனோ நின்ற ஓர் அடைப்பைத் தமிழகத்துச் சிற்றூர்களிற் பிறந்த முதியோர் நன்கறிவர். 'பவுண்டு' என்பது அதற்கு மக்கள் வழங்கிய பெயர். பயிர் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம் அது. கோயில், குளம், சத்திரம், சாவடி ஆகிய ஊர்ப் பொதுவிடங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். இவ்வடைப்பைப் பற்றியும், அதன்கண் நின்று வாயில்லா உயிர்கட்கு வைக்கோல் இட்டுத் தண்ணீர் காட்டிய ஊழியனைப் பற்றியும் ஆராயப் புகுந்தோர் அரியர். அரசு நடத்திய விலங்குக் காப்பிடங்களுள் நம் சிற்றூர்களை எட்டிய முதலாவது இதுவே எனலாம். ஆதலின் சொல்வரலாறு, சட்டம், வாய்மொழிச் சான்று ஆகிய மூன்றையும் துணைக்கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

பிறர் விளைபுலத்தில் மாடு புகுதல் பண்டு தொட்டே பகைக்கு வித்தாயிற்று. சங்க இலக்கியத்தில் இதற்குக் கொடியதொரு சான்று உண்டு. அகநானூற்றில் பரணர் பாடிய இரு பாட்டுகள் (196, 262) அன்னி மிஞிலி என்னும் பெண்ணின் வரலாற்றைக் குறிக்கின்றன. செழித்து வளர்ந்த பயற்றங்கொல்லையிற் பசு புகுந்து மேய்ந்தது. அதன்பொருட்டு, வாய்மையாளனாகிய அவள் தந்தையின் கண்களைக் கோசர் இரக்கமின்றிப் போக்கினர். மிஞிலி கலத்தில் உண்ணாமலும் தூய உடை உடாமலும் நோன்பு பூண்டாள், திதியனிடம் முறையிட்டாள், அவன் கோசரைக் கொன்ற பின்னரே சினம் தணிந்தாள். ஒருவேளை மேய்ச்சலுக்கு ஈடாக இரு கண்கள்; அக்கண்களுக்கு ஈடாகப் பல உயிர்கள்.

இவ்வரலாற்றை எடுத்துரைப்போர் மிஞிலியின் மறத்தையே பெரிதும் போற்றுவர். யாம் அதனை மறுக்கவில்லை. எனினும், பயிருக்குரியவனுக்கும் பசுவுக்குரியவனுக்கும் இடையே மூன்றாம் இடம் ஒன்று இக்கதையில் இல்லை என்பதனை நோக்குதல் வேண்டும். பசுவை ஓட்டிச் சென்று நிறுத்த ஓர் அடைப்பும், இருவருக்கும் சாராத ஒரு காவலனும், வரையறுத்த ஒரு தண்டமும் இருந்திருப்பின், பரணர்க்கு இவ்வுவமை கிடைத்திராது. அத்தகைய அடைப்பு அக்காலத்தில் எங்குமே இல்லை என்று இவ்விரு பாட்டுகளைக் கொண்டு முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆயினும் கொண்டித்தொழு என்னும் அமைப்பின் பயனை அளப்பதற்கு இக்கதை தக்கதோர் அளவுகோலாகின்றது.

இனிச் சொற்களைக் காண்போம். 'தொழு' என்பது பழஞ்சொல். முல்லைக்கலியில் ஏறு தழுவுதற்கு ஏறுகளைப் புகுத்தும் அடைப்பு தொழு எனப்படுகின்றது. குற்றவாளியின் காலை மாட்டிவைக்கும் மரத்துக்கும் அதுவே பெயராயிற்று. 'பட்டி' என்பது ஆட்டுக்கிடையையும், மாட்டடைப்பையும், சிற்றூரையும் குறிக்கும். அதே சொல் கட்டுக்கடங்காது திரிதலையும் குறித்தல் வியப்பிற்குரியது. பட்டி மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்தனர் என்னும் தொடரில், முன்னது அடைபடாமை. பின்னது அடைக்கும் இடம். 'கொண்டி' என்பது கொள் என்னும் அடியாகப் பிறந்து, கொள்ளப்பட்ட பொருளை உணர்த்துவது. பட்டினப்பாலையில் அம்பலத்து விளக்கேற்றும் கொண்டி மகளிர் பகைவர் நாட்டினின்றும் பிடித்துவரப்பட்டோர். பிடிபட்ட பெண்ணுக்கும் பிடிபட்ட மாட்டுக்கும் மொழி ஒரே சொல்லை ஈந்தது என்பதை இலக்கிய மாணவர் எளிதிற் கடந்து செல்லலாகாது. ஈழத்தமிழர் வழங்கும் 'கட்டாக்காலி' என்னும் சொல் இவற்றினும் தெளிவுடையது. காலி என்பது ஆநிரை. கட்டப்படாத காலி கட்டாக்காலி. 'பவுண்டு' மட்டும் ஆங்கிலத்தினின்றும் வந்தது. நிறையையும் நாணயத்தையும் குறிக்கும் பவுண்டு இலத்தீன் வழியது. இஃதோ அடைப்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழியது. ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறு.

சொல் நம்முடையது பல இருப்பவும், சட்டத்தால் நிறுவப்பெற்ற தொழு ஆங்கிலேயர் ஆட்சியிலேயே வந்தது. 1857ஆம் ஆண்டில் கால்நடை அத்துமீறல் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதனையும் அதன் திருத்தத்தையும் நீக்கி, 1871ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாகக் கால்நடை அத்துமீறல் சட்டம் வெளிவந்தது. பயிருக்குரியவன் தன் நிலத்தை அழிக்கும் மாட்டைத் தானே பிடிக்கலாம்; ஆனால் 24 மணி நேரத்துக்குள் அதனைத் தொழுவுக்கு அனுப்பிவிடல் வேண்டும். பிடித்த மாட்டை வலிந்து மீட்போர்க்கு ஆறு திங்கள் வரை சிறையும் 500 ரூபாய் வரை தண்டமும் உண்டு. மிஞிலியின் தந்தைக்குக் கிடைக்காத மூன்றாம் இடம் இங்ஙனம் அமைந்தது.

தண்டத்தின் அட்டவணை படிக்கத் தக்கது. யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரை, எருது, பசு முதலியவற்றுக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றி ஆகியவற்றுக்கு 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. மேய்ந்த அளவை நோக்காது மேய்ந்த உயிரை நோக்கியே தண்டம் விதித்தமையால், ஒரு வாய் கடித்த பசுவும் ஒரு வயலை அழித்த பசுவும் சட்டத்தின் முன் ஒன்றாயின. பட்ட இழப்பிற்கு ஈடு வேண்டுவோன் தனியே வழக்காட வேண்டும்.

1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்திற்குப் பின், மேய்ச்சற்காடுகள் பல ஒதுக்குக் காடுகளாயின. முன்பு தடையின்றி மேய்ந்த இடத்திலேயே மாடு அத்துமீறியதாயிற்று. பயிரைக் காக்க எழுந்த தொழு காட்டுத்துறைக்கும் கருவியானமையின், ஏழைக் குடியானவன் அதனை வெறுக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. இதனை விரிப்பின் தனிக் கட்டுரையாகும், ஊழியனிடம் வருவோம்.

தொழுவின் காவலனைச் சட்டம் பொது ஊழியன் என்றே கொண்டது. அவன் கடமைகள் மூன்று. ஏடு வைத்துக் கணக்கு அனுப்புதல் ஒன்று. மாடு வந்த நாள், நேரம், எண்ணிக்கை, அடையாளம், பிடித்தவன் பெயர், உரியவன் தெரிந்திருப்பின் அவன் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, அப்பதிவின் படியைப் பிடித்தவனுக்குக் கொடுத்தல் மற்றொன்று. மாட்டை ஏற்று, அது உரியவனிடமோ ஏலத்திற்கோ செல்லும் வரை தீனியும் நீரும் கொடுத்தல் மூன்றாவது. ஏழு நாளில் உரியவன் வாராவிடின் காவல் நிலையத்துக்குச் செய்தி செல்லும். மாடு பிடிபட்ட இடத்தை அடுத்த ஊரிலும் சந்தையிலும் தண்டோரா போடுவர். அறிவிப்பு நாளினின்று மேலும் ஏழு நாள் கழிந்தால் ஏலம். அவ்வேலத்தில் காவலன் நேராகவோ பிறர் வாயிலாகவோ மாட்டை வாங்குதல் கூடாது. கடமை தவறின் 50 ரூபாய் வரை தண்டம். அதனைச் சம்பளத்திற் பிடித்துக்கொள்ளவும் வழியுண்டு.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. அதுவே இக்கட்டுரைக்கு உயிர். தீனிச்செலவு இவ்வளவென அரசு நாள் வீதம் வரையறுக்கும். மாட்டுக்குரியவன் தண்டத்தோடு அச்செலவையும் செலுத்தி மாட்டை மீட்பான். அங்ஙனம் வந்த தீனிப்பணத்தைக் காவலன் தானே வைத்துக்கொள்ளலாம். தண்டம் அரசுக்கு, தீனிப்பணம் காவலனுக்கு. அவன் கைப்பணத்தில் வைக்கோல் வாங்கி இட்டான் ஆதலின் இது முறையே என்று தோன்றும். ஆனால் எண்ணிப் பார்மின். வரையறுத்த தொகைக்கு முழுதும் தீனி இட்டால் அவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அரைவயிறு இட்டால் மற்றப் பாதி அவனுடையது. மாட்டின் பசியில் ஒரு மனிதனின் வருவாயை முடிந்துவைத்த இவ்விதியை எழுதியோர் அதனை அறிந்தே எழுதினரா என்பது நமக்கு எட்டவில்லை. 'பவுண்டில் அடைத்த மாடு எலும்பாகத்தான் வரும்' என்று ஊரார் கூறக் கேட்டுள்ளோம். அப்பழியை ஊழியனின் மனவன்மை மேல் ஏற்றுதல் எளிது. சட்டத்தைப் படித்தபின் அங்ஙனம் கூற நமக்கு நாவெழவில்லை.

மேலும், காவலன் வேறு அரசுப்பணியையும் உடன் வகிக்கலாம் என்று சட்டம் இடந்தந்தது. ஆகவே பெயரளவிற் காவலன் ஒருவனாகவும், சாணம் அள்ளிக் கயிறு பிடித்தவன் வேறொருவனாகவும் இருந்த ஊர்கள் இருந்திருத்தல் வேண்டும். இரண்டாமவன் சட்டத்திலும் இல்லை, ஏட்டிலும் இல்லை.

அத்தகைய ஒருவரைக் காவிரிப் படுகையிலுள்ள ஓர் ஊரில் 2019ஆம் ஆண்டிற் கண்டு உரையாடினோம். அப்பொழுது அவருக்கு அகவை எண்பதுக்கு மேல். 1960களின் பிற்பகுதியிலிருந்து பதினோர் ஆண்டு தொழுவில் உதவியாளாக இருந்தவர். எழுதப் படிக்க அறியார். நாம் சட்டத்தைப் பற்றி வினவினோம். அவரோ மாடுகளைப் பற்றியே விடை கூறினார். புதிதாக வந்த மாடு முதல்நாள் தின்னாது. தண்ணீர் மட்டும் குடிக்கும். ஆகவே முதல்நாள் வைக்கோலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட கணக்கு. முட்டுகின்ற காளையைச் சுவரோரம் கட்டாது நடுவே கட்ட வேண்டும் என்றார். சுவரோரம் ஆள் ஒதுங்க இடமிராதாம்.

கறவைப் பசுவைப் பற்றி அவர் கூறியது நம்மை நெடுநேரம் நிறுத்தியது. பசு தொழுவிலும் கன்று வீட்டிலும் இருக்கும். மாலையில் மடி கனத்துப் பசு கதறும். கறந்துவிடாவிடின் மடி கட்டிக்கொள்ளும். கறந்தாலோ அப்பால் யாருடையது? தீனியையும் நீரையும் கூறிய சட்டம் பாலைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மேலிருந்தவர் பாலைத் தம் வீட்டுக்கு அனுப்பச் சொல்வார். இவர் பெரும்பாலும் அங்ஙனமே செய்தார், அதை மறைக்கவில்லை. "அப்புறம் ஒரு நாள், மாட்டுக்காரர் வீட்டம்மா கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் வந்து நின்றது. பணம் கட்ட வழியில்லை, கன்று மட்டும் குடித்துவிட்டுப் போகட்டும் அண்ணே என்றது. கதவைத் திறந்துவிட்டேன்," என்றார். பிடித்து வராத கன்று தானே உள்ளே புகுந்தது. ஆதலின் அது ஏட்டில் ஏறவில்லை, அதற்குத் தண்டமும் இல்லை என்று கூறிச் சிரித்தார். விடியுமுன் கன்றை அவ்வம்மையார் அழைத்துச் சென்றுவிடுவாராம். மூன்று இரவு இது நடந்தது. நான்காம் நாள் மேலிருந்தவர்க்குத் தெரிந்து, ஒரு வாரக் கூலி பிடிக்கப்பட்டது. மேலிருந்தவர்க்கு மூன்று நாட் பால் குறைந்ததன்றோ!

மாட்டை விடுவித்தலைத்தான் சட்டம் தடுத்தது. கன்றை உள்ளே விடுதலைத் தடுக்கவில்லை. எழுத்தறியாத அவ்வுதவியாளர் சட்டத்தின் எல்லையைச் சரியாகவே உணர்ந்திருந்தார் என்பது எம் கருத்து. ஓரிரவு இவர் கதவு திறந்ததைக் கொண்டு தொழுவூழியர் யாவரும் அருளாளர் என்று யாம் கூற வரவில்லை. பால் அனுப்பிய நாள்களே மிகுதி என்று அவரே ஒப்பினார்.

நகரங்களில் இவ்வமைப்பு வேறு வடிவம் கொண்டது. சென்னையில் 1959ஆம் ஆண்டு கேப்டன் வி. சுந்தரம் அவர்களால் தோன்றிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் உரியவரற்ற நாய்களையும் நோயுற்ற விலங்குகளையும் ஏற்றன. தொழுவின் மாடு உரியவனை எதிர்நோக்கி நிற்பது. காப்பகத்து நாய்க்கு எதிர்நோக்க ஒருவருமில்லை. ஆதலின் அங்குள்ள உதவியாளரின் வேலை காவல் என்பதினின்று பேணல் என்பதாக மாறிற்று. தெருவில் திரியும் மாட்டைப் பிடித்தல் மட்டும் பழைய முறையிலேயே தொடர்கின்றது. சென்னை மாநகராட்சி 2024ஆம் ஆண்டில் முதன்முறை பிடிபடும் மாட்டுக்குரிய தண்டத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. நான்கு அணாவை நினைவிற் கொள்க.

தமிழாய்வாளர் உடனே செய்யத்தக்க பணி ஒன்று உளது. மாட்டின் அடையாளத்தைப் பதிதல் வேண்டும் என்று சட்டம் விதித்தமையால், தொழுவேடுகள் ஊர்வழக்குச் சொற்களின் களஞ்சியங்களாக அமைந்துவிட்டன. யாம் பார்க்க வாய்த்த ஏடு ஒன்றே. அதிலும் முன்பின் தாள்கள் இல்லை. எஞ்சிய பக்கங்களில் மயிலை, செவலை, காரி, பில்லை என நிறமும், கூடுகொம்பு, விரிகொம்பு, மட்டைக்கொம்பு எனக் கொம்பும், சுழி இருக்கும் இடமும், காதறுப்பும், சூட்டுக்குறியும் வரிவரியாகப் பதியப்பட்டிருந்தன. முல்லைக்கலியில் காரி, வெள்ளை, புகர், குரால் என ஏறுகளைப் பிரித்துக்காட்டும் மரபினை இவ்வேட்டோடு ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. மாவட்டந்தோறும் இத்தகைய ஏடுகளைத் தேடித் தொகுப்பின், கால்நடைச் சொற்களின் வட்டார எல்லைகளை வரையவும் இயலும். தொழுக்கள் இடிக்கப்படுந்தோறும் ஏடுகளும் பழந்தாளோடு எடைக்குப் போகின்றன. யாம் கண்ட ஏட்டின் கடைசிப் பதிவில் ஒரு செவலைப் பசுவின் அடையாளம் நான்கு வரியில் எழுதப்பட்டுள்ளது. உரியவர் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கின்றது.