மஸ்கெலியா: நீரில் மூழ்கிய நகரம்

சிவனொளிபாதமலைச் சாரலிலுள்ள மஸ்கெலியா, தேயிலைத் தோட்டங்களை நம்பி வளர்ந்த சிறு நகரம். களனி கங்கையின் கிளையாகிய மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய நகரம் நீருள் அமிழ்ந்தது. இன்றைய நகரம் மேட்டிலே புதிதாக அமைந்தது. இதனைப் பொறியியற் சாதனையாக மட்டும் நோக்குதல் பொருந்தாது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரஜாவுரிமை இழந்த தோட்டத் தொழிலாளரை, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் பங்கிட்ட காலமும் அதுவே. 975,000 பேருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. ஊரை மேட்டுக்கு நகர்த்தலாம், ஊராரை?

வறட்சியில் நீர் வற்றுங்கால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளித்தோன்றும். தலைமன்னாரிற் கப்பலேறியோரின் சுவடோ அங்கில்லை. தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. அங்கும் அவர்கள் கொழுந்தே பறித்தனர்.