அசைவும் பிழையும்: திருவனந்தபுரம் வழியாக வந்த துன்பியல் கலைச்சொற்கள்

துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழில் பாடம் நடத்துபவர் மூன்று மரபுகளிலிருந்து சொற்களை எடுத்தாள வேண்டியிருக்கிறது. அரிஸ்டாட்டிலிடமிருந்து நாயகனின் பிழை, நிலைமாற்றம், உண்மையறிதல் ஆகியவை வருகின்றன. வடமொழி நாடகநூல்கள் சந்தியையும் ரசத்தையும் தருகின்றன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகையையும் அச்சத்தையும் தருகிறது. இம்மூன்றும் நேருக்கு நேர் சந்தித்த ஊர்களில் திருவனந்தபுரத்துக்குத் தனியிடம் உண்டு. 1891இல் ஒரு தமிழ் நாடகமும் 1912 முதல் ஒரு வடமொழி நாடகத் தொகுதியும் இங்கு உருவாயின. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால்தான் நம் துன்பியல் சொற்களில் எது நிறைவானது, எது குறையுடையது என்பது விளங்கும்.

ஆலப்புழையில் 1855இல் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று, அங்கேயே தத்துவப் பேராசிரியரானார். தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் பேரூர்க்கடையில் தம் இல்லத்துக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டவர், 1891இல் வந்த தம் நாடகமான மனோன்மணீயத்தையும் அவருக்கே உரிமையாக்கினார். லிட்டனின் ‘இரகசிய வழி’ என்ற கதைப்பாடல் தந்த கருவை, ஐந்து அங்கம், 20 களம் கொண்ட செய்யுள் நாடகமாக அவர் விரித்தார். ஷேக்ஸ்பியரின் ஐந்தங்க அமைப்பும், ஆங்கிலத்தின் எதுகையற்ற செய்யுளுக்கு ஈடாக ஆசிரியப்பாவின் ஓட்டமும் அதில் கூடின. சேரன் புருடோத்தமனின் அரண்மனையைத் தாம் வாழ்ந்த திருவனந்தபுரத்திலேயே அவர் வைத்தார். போருக்குக் காரணமாக நாஞ்சில் நாட்டு உரிமையை வைத்தார்.

இந்நாடகத்தில் துன்பியலுக்கு வேண்டிய பொருள் யாவும் இருக்கிறது. பாண்டியன் ஜீவகன் தீயவன் அல்லன்; பிறர் சொல்லை எளிதில் நம்புபவன். அமைச்சன் குடிலன் அந்த ஒரு பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு, மதுரையை விட்டு நெல்வேலிக்குக் கோட்டையை மாற்றச் செய்கிறான். அரசன் மகள் மனோன்மணிக்காகச் சேரனிடம் சென்ற மணத்தூது போரில் முடியும்படி செய்கிறான். தோற்று, மானம் குன்றி, உயிரை வெறுக்கும் நிலைக்கு அரசன் வருகிறான். அரிஸ்டாட்டில் கேட்கும் நாயகன், முழு நல்லவனும் முழுத் தீயவனும் அல்லாமல் ஒரு பிழையால் வீழ்பவன், இவன்தான். ஆயினும் சுந்தர முனிவர் அமைத்த சுருங்கை வழியாகச் சேரன் வருகிறான், குடிலன் அகப்படுகிறான், மனோன்மணி மாலையிடுகிறாள். மூலக்கதையும் மணத்தில்தான் முடிகிறது என்பது உண்மையே. ஆனால் குடிலனை இத்தனை வலிமையாக வளர்த்த ஆசிரியர், அவன் விதைத்ததன் முழு விளைச்சலைக் காட்டாமல் நிறுத்தியதை மரபின் அழுத்தம் என்றே நான் கருதுகிறேன்.

அம்மரபு எது என்பதற்கு மறுஆண்டே சான்று கிடைத்தது. 1892இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். நாடகத்தின் ஐந்து சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று அவ்வுரை பகுக்கிறது. உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து பொருள் பொதிந்து கருக்கொள்வது கருப்பம். கதிர் திரண்டு முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்துப் பொலிதூற்றி, உண்டு மகிழ்வது துய்த்தல். எத்தனை நெருக்கமான அவதானிப்பு! கதைப்பின்னலை வளர்ச்சியாகப் பார்க்க இதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. ஆனால் அதன் ஐந்தாம் படி மகிழ்ச்சி. விளைந்ததை உண்பவன் நஞ்சை உண்பதற்கு இத்திட்டத்தில் இடமே வைக்கப்படவில்லை.

வியப்பு என்னவென்றால், அந்த உரை விளக்கும் காப்பியத்திலேயே நம் மொழியின் ஆகச் செறிவான துன்பியல் கட்டம் இருக்கிறது. நெடுஞ்செழியன் ஆராயாமல் ஆணையிட்டது பிழை. உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தது உண்மையறிதல். அந்த அறிவே அவன் உயிரைக் கொண்டுபோகிறது. அறிதலும் வீழ்ச்சியும் ஒரே கணத்தில் நிகழ்வதை அரிஸ்டாட்டில் சிறந்ததாகப் பாராட்டியிருப்பார். ஒரு பாண்டியன் பிழையறிந்த கணத்தில் மடிகிறான். ஜீவகனான இன்னொரு பாண்டியன் பிழையறிந்த பின்னும் வாழ்கிறான். இவ்விருவரையும் ஒப்பிட்டு நடத்தும் வகுப்பில் மாணவருக்குத் தனியே விளக்கம் வேண்டியிராது.

சுந்தரம் பிள்ளை மறைந்த 1897இல் பரிதிமாற் கலைஞரின் ‘நாடகவியல்’ நூற்பா வடிவில் வந்தது. கலைச்சொற்களை முறைப்படுத்திய முதல் நவீன முயற்சி அது. 1926இல் ஈழத்து விபுலானந்தர் ‘மதங்க சூளாமணி’யில் அடுத்த அடியை வைத்தார். அடியார்க்குநல்லார் வழிவந்த உறுப்புகளையும் தசரூபகத்தையும் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களோடு பொருத்திக் காட்டினார். துணிவான பொருத்தம்தான். எனினும் சாவில் முடியும் நாடகங்களைத் துய்த்தலில் முடியும் திட்டத்துக்குள் கொண்டுவரும்போது அந்தச் சட்டம் இறுகுவதை உணர முடிகிறது.

இதற்கிடையில் திருவனந்தபுரத்தில் இரண்டாவது நிகழ்வு நடந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துத் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி, சமஸ்தானத்தின் வடமொழிச் சுவடிப் பதிப்புத் துறையை நடத்திவந்தார். 1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றிலும் பின்னர் கிடைத்த சுவடிகளிலும் இருந்த 13 நாடகங்களை வடமொழி நாடகாசிரியர் பாசனுடையவை என்று கொண்டு, 1912 முதல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல் வரிசையில் அவர் வெளியிட்டார். அனைத்தும் பாசனுடையவைதாமா, கேரளத்துச் சாக்கியார்கள் மேடைக்கேற்பச் சுருக்கியவையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. நம் பொருளுக்கு அந்நாடகங்களில் ‘ஊருபங்கம்’ ஒன்றே போதும்.

நாயகனின் சாவை மேடையில் காட்டலாகாது என்பது நாடகநூல்களின் விதி. ஊருபங்கத்தில் துரியோதனன் நம் கண்முன்னே சாகிறான். முறைதவறிய அடியால் தொடைகள் முறிந்து, தரையில் ஊர்ந்து வருகிறான். கண்ணில்லாத தந்தையும் கண்ணைக் கட்டிக்கொண்ட தாயும் அவனைத் தேடி வருகிறார்கள். சிறுவன் துர்ஜயன் வழக்கம்போல் மடியில் ஏறப் பார்க்கிறான். உட்கார மடி இல்லை. தந்தை அவனை விலக்க வேண்டியிருக்கிறது. பழிவாங்கத் துடிக்கும் பலராமனை அமர்த்துகிறான். பாண்டவரைத் தன்னைப்போல் மதித்துப் பணிசெய்யும்படி மகனுக்குச் சொல்கிறான். பகையை வாழ்க்கையாகக் கொண்டவன் வாயில் அச்சொல் வருவதே இந்நாடகத்தின் உண்மையறிதல்.

கருணரசமும் பெண்களின் புலம்பலும் மிகுந்த உத்சிருஷ்டிகாங்கம் என்ற வகையில் சிலர் இதைச் சேர்க்கிறார்கள். வீரர் உலகுக்கு அவன் அழைக்கப்படுவதால் துன்பியலே அல்ல என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். இரண்டும் அந்த மடிக் காட்சியை விளக்கவில்லை.

தொல்காப்பியம் விளக்குகிறது. அழுகை தோன்றும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கை அது எண்ணுகிறது. விதிமீறிய அடிபட்டு இகழப்பட்டது இளிவு. தம்பியரையும் நண்பரையும் பறிகொடுத்தது இழவு. அரசும் படையும் அற்றது வறுமை. முன்னிருந்த நிலை கெட்டு வேறொருவாறாகி வருந்துவதை உரையாசிரியர் அசைவு என்பர்; மடியற்ற தந்தை அதுவே. அரிஸ்டாட்டிலின் நிலைமாற்றம் கதையில் நிகழும் திருப்பத்தைச் சொல்கிறது. அசைவு அத்திருப்பம் மனிதனின் உடலில் எப்படித் தங்குகிறது என்பதைச் சொல்கிறது. பாடநூல்களில் இது மெய்ப்பாட்டுப் பட்டியலில் ஒன்றாக மட்டும் கிடப்பது பெரிய இழப்பு.

தொல்காப்பிய நான்கிலும் இல்லாதது பிழை. துயருக்கு ஆளானவனுக்கே அத்துயரில் பங்குண்டு என்ற எண்ணத்தை அழுகையின் நிலைக்களன்கள் தொடவில்லை. அதற்கு அரிஸ்டாட்டில்தான் வேண்டும். அதனால் துன்பியல் வகுப்புக்கு நான் கேட்பது இதுதான்: வளர்ச்சியை அறிய முதல் நான்கு சந்திகள், காரணத்தை அறியப் பிழை, விளைவின் சுமையை அறிய அசைவு. துய்த்தலை மனோன்மணீயம் போன்று மணத்தில் முடியும் நாடகங்களுக்கு விட்டுவிடலாம்.