பிறப்போலையில் இராகு

"பெண்ணுக்கு ஏழில் இராகு" என்னும் ஒரு சொல்லால் நின்றுபோன மணப்பேச்சுகளை நம்மில் பலரும் அறிவோம். படிப்பும் பண்பும் குடும்பமும் பொருந்தியிருந்தும், கட்டத்தில் எழுதிய ஓர் எழுத்து எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. இத்துணை வலிமை வாய்ந்த இராகு யார்? அவன் பிறப்போலைக்குள் எப்போது புகுந்தான்? இதைச் சிறிது ஆராய்வது தமிழ் கற்பிப்போருக்குப் பொருந்தாத வேலை அன்று; வகுப்பில் மாணவர் கேட்கும் வினாவும் இதுவே.

கதையின் வேர் மிகப் பழையது. இருக்கு வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் சுவர்பானு என்னும் அசுரன் ஞாயிற்றை இருளால் தாக்குகிறான். மறைந்த ஞாயிற்றை அத்திரி முனிவர் மீட்கிறார். அங்கே பாற்கடலும் இல்லை, பாம்பும் இல்லை. தேவர் வரிசையில் ஒளிந்திருந்து அமுதம் உண்ட அசுரனை ஞாயிறும் திங்களும் காட்டிக்கொடுக்க, திருமாலின் ஆழி அவன் தலையை அறுத்த கதை மாரதத்தின் ஆதி பருவத்தில் வருகிறது. அமுதம் தொண்டை வரையில்தான் சென்றிருந்தது. ஆகவே தலை சாகாமல் வானில் எழுந்து, காட்டிக்கொடுத்த இருவரையும் இன்றளவும் பற்றுகிறது. உடலோ நிலம் அதிர வீழ்ந்தது. இவ்விடத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். வீழ்ந்த உடல் கேது ஆயிற்று என்று அங்கே சொல்லவில்லை. அது பின்னோர் சேர்த்த பகுதி.

தமிழில் இராகு என்ற பெயரைவிடப் பாம்பு என்ற பெயரே வழக்கில் ஊன்றியது. பாம்பு திங்களைக் கொள்ளும் செய்தியைச் சங்கப் பாடல்களிலும், திருக்குறளில் அலரறிவுறுத்தல் அதிகாரத்திலும் காணலாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் கோளறு பதிகத்தில் ஏழு கோள்களையும் பெயர் சொல்லி, எஞ்சிய இரண்டையும் பாம்புகள் என்றே சுட்டுகிறார். ஆகவே அந்நாளில் ஒன்பது என்னும் எண் தமிழ்நாட்டில் நிலைபெற்றுவிட்டது என்பது தெளிவு.

இனி வானநூலார் சொல்வதைக் கேட்போம். திங்கள் செல்லும் வழி, ஞாயிறு செல்வதாகத் தோன்றும் வழிக்கு ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்துள்ளது. அவ்விரு வழிகளும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அவை எப்போதும் எதிரெதிரே நிற்கும். ஞாயிறும் திங்களும் அவ்விடங்களை அடுத்து நிற்கும்போதே கிரகணம் நிகழும். அவ்விரு வெட்டுப்புள்ளிகளே கட்டத்தில் எழுதப்படும் இராகுவும் கேதுவும். அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. கண்ணுக்கோ தொலைநோக்காடிக்கோ அகப்படக்கூடிய எதுவும் இல்லை.

இதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். 499-இல் ஆரியபட்டர் எழுதிய நூல், திங்களை மறைப்பது நிலவுலகின் நிழல் என்றும், ஞாயிற்றை மறைப்பது திங்கள் என்றும் கூறிவிட்டது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் பிருகத் சங்கிதையில் இதற்கென ஓர் இயலே வகுத்தார். அவர் வழக்கறிஞரைப்போல வினவுகிறார்: இராகுவுக்கு உருவமும் ஒழுங்கான நடையும் இருக்குமாயின், தனக்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் ஒளியை அவன் எவ்வாறு பற்றுவான்? இவ்வாறு மறுத்தவரே, அடுத்து ஒரு சமரசமும் செய்கிறார்: கிரகண வேளையில் மக்கள் தரும் கொடையிலும் வேள்வியிலும் பங்குபெற அவ்வசுரனுக்கு நான்முகன் வரம் தந்தான், அதனால் அவன் அப்போது அங்கே வந்திருக்கிறான், அவ்வளவே என்கிறார். கணக்கும் கெடவில்லை, சடங்கும் கெடவில்லை! 628-இல் பிரமகுப்தர் அதனினும் ஒரு படி சென்று, இராகுவை மறுப்போர் வேதத்துக்கு மாறானவர் என்று கடிந்தார். ஆனால் கிரகணத்தைக் கணக்கிட்டபோது அவரும் நிழலைக் கொண்டே கணக்கிட்டார். ஏறத்தாழ 1030-இல் இந்திய நாட்டைப் பற்றி எழுதிய அல்பிரூனி இம்முரண்பாட்டைக் கண்டு வியந்து, சாக்ரதீசுக்கு நேர்ந்ததைப் போன்ற கேட்டுக்கு அஞ்சி இவ்வாறு எழுதினாரோ என்று ஐயுறுகிறார்.

பிறப்போலைக்கு வருவோம். கிழமைகள் ஏழு, அவற்றுள் இராகுவுக்கு ஒரு நாளும் இல்லை. பன்னிரண்டு இராசிகளையும் ஏழு கோள்களே ஆட்சி செய்கின்றன. பாம்புகளுக்குச் சொந்த வீடு இல்லை. பின்னாளில் சிலர் வீடு கொடுத்தனர். அதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. வராகமிகிரரின் பிருகத் சாதகம் பாம்புகளின் மாற்றுப் பெயர்களைச் சொல்கிறதேயன்றி, அந்நூலின் தசைக் கணக்கில் அவற்றுக்கு ஆண்டுகள் ஒதுக்கவில்லை. இன்று நாம் வழங்கும் 120 ஆண்டுத் தசையிலோ இராகுவுக்கு 18, கேதுவுக்கு 7 ஆண்டுகள் உள்ளன. திருவாதிரை, சுவாதி, சதயம் ஆகிய நாள்மீன்களில் பிறந்தோர் இராகு தசையிலேயே வாழ்வைத் தொடங்குகின்றனர். இடையில் நடந்தது ஒரு குடியேற்றம் எனலாம்.

கேதுவின் வரலாறு இன்னும் விந்தையானது. பிருகத் சங்கிதையில் கேது என்பது வால்மீன். அவை நூற்றொன்று என்பாரும் ஆயிரம் என்பாரும் உளர் என்று அந்நூலே கூறுகிறது. வடநாட்டுப் பழைய கோள் சிற்பங்கள் சிலவற்றில் கேது இன்றி எட்டு உருவங்களே உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனமொழியில் எழுந்த ஒரு சோதிட நூலில் கேது என்ற பெயர், திங்கள் நிலவுலகைவிட்டு மிகத் தொலைவில் நிற்கும் புள்ளிக்கு வழங்குகிறது. பெயர் ஒன்று, பொருள் மூன்று.

அங்ஙனமாயின் இராகு ஏழில் நின்றால் இன்ன பலன் என்று சொன்னவர் எதைக் கண்டு சொன்னார்? செவ்வாயின் செந்நிறத்தைக் கண்டு போரை நினைத்தனர். சனியின் மெல்லிய நடையைக் கண்டு முதுமையை நினைத்தனர். காணவே முடியாத இராகுவுக்குப் பற்றுக்கோடு கதை ஒன்றே. தலை மட்டும் உண்டு, வயிறு இல்லை: ஆகவே நிறையாத ஆசை. வேற்றுருவில் வரிசைக்குள் புகுந்தவன்: ஆகவே வஞ்சம், வேற்றினத்தார் தொடர்பு. பாம்பு: ஆகவே நஞ்சு. தலையற்ற உடல் கேது: ஆகவே பற்றறுத்தலும் ஞானமும். இப்பலன்கள் ஒவ்வொன்றும் கதையின் ஓர் உறுப்பிலிருந்து பிறந்தவை. கதை அழகியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. தாய்லாந்திலும் இவனுக்குக் கரிய நிறப் பண்டங்கள் எட்டுப் படைக்கின்றனர். புதன்கிழமை இரவை அவனுக்கு உரியதாக்கிக் கிழமை இல்லாக் குறையையும் தீர்த்துவிட்டனர். மலாய்மொழியிலும் திங்களை விழுங்கும் இராகு உண்டு. அம்மொழியில் கிரகணத்துக்கு வழங்கும் 'கெர்ஹானா' என்னும் சொல்லும் வடமொழிக் கிரகணமே.

அழகை விடுத்துக் கணக்கை மட்டும் பார்ப்போம். வெட்டுப்புள்ளி வானை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 18 ஆண்டு 7 மாதம் ஆகிறது. ஓர் இராசியில் ஒன்றரை ஆண்டு தங்கும். ஆகவே ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் பெரும்பாலோருக்கு இராகு ஒன்று அல்லது இரண்டு இராசிகளுக்குள்ளேயே நிற்பான். வேறுபடுவது இலக்கினம், அது ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும். 1, 2, 7, 8 ஆகிய வீடுகளில் பாம்பு நிற்பது தோசம் என்பது பலர் கொள்ளும் விதி. இராகு ஒன்றில் நின்றால் கேது ஏழில். இரண்டில் நின்றால் எட்டில். ஆகவே பன்னிரண்டில் நான்கு பங்கு தோசம். ஒவ்வொரு நாளும் 24 மணி நேரத்தில் எட்டு மணி நேரம் பிறக்கும் குழந்தைகள் யாவரும், மன்னர் மனையாயினும் தோட்டத்து வரிசை வீடாயினும், இத்தோசத்தோடுதான் பிறக்கின்றனர். மூவருள் ஒருவர்!

தோசமுள்ள பெண்ணுக்குத் தோசமுள்ள மணமகனே பொருத்தம் என்பது அடுத்த விதி. அவளுக்குத் தகுந்தவர் என்று பத்து இளைஞரைத் தேடிக் கண்டால், இவ்விதி அவருள் ஏறத்தாழ எழுவரைக் கழித்துவிடும். தமிழர் தொகை குறைந்த இந்நாடுகளில் அப்பத்துப் பேரைத் தேடுவதே பெற்றோருக்குப் பல ஆண்டு வேலை.