புள்ளி பட்ட பாடு

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைச் சேவிக்கப் படியேறுகிறவர்கள், வழியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகையை மூச்சு வாங்கிக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் வெட்டிய வடமொழிச் சுலோகங்கள் அங்கே தூண்களில் இருக்கின்றன. காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனாலோ, கோயிலின் மதில்களிலும் மண்டபங்களிலும் அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள். தமிழ், வடமொழி, தெலுங்கு, கன்னடம் என்று பல பாஷைகள். எழுதி வைக்கிற ஆசை இந்த ஊர்க்காரர்களுக்கு ஆதியிலிருந்தே உண்டு போலும். ஆனால் நான் சொல்ல வந்தது ராஜாக்களின் கதையல்ல. ஒரு புள்ளியின் கதை.

மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் கூட அக்காலத்தில் புள்ளிதான் அடையாளம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், பழைய ஏட்டைக் கையில் எடுத்தால் புள்ளியைக் காண்பது அரிது. காரணம் கருவி. பனை ஓலையைப் பதப்படுத்தி, இரும்பு எழுத்தாணியால் அதைக் கீறி எழுதினார்கள். கோடு இழுக்கலாம், வளைக்கலாம், சுழிக்கலாம். ஒரே இடத்தில் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். அதனால் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம்.

எனக்கு அந்தச் சமாதானம் முழுவதும் திருப்தி தருவதில்லை. கல் பொத்துக்கொள்ளாதே! அப்படியிருந்தும் கல்வெட்டுக்களிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது. கல்லில் ஏறிய தானசாஸனம் முதலில் ஓலையில்தான் பிறந்தது. ஓலையைப் பார்த்துத்தான் கல்தச்சன் வெட்டினான். ஆகவே ஓலைக்கு ஏற்பட்ட பயம் கல்லுக்கும் தொற்றிக்கொண்டது. கை ஒருமுறை பழகிவிட்டால், காரணம் போன பிறகும் பழக்கம் போவதில்லை.

இதனால் வந்த சங்கடம் கொஞ்சமல்ல. ஏட்டில் நெடிலுக்குரிய காலும், ரகரமும் ஒரே உருவம். ஒற்றைக் கொம்பு என்றும் இரட்டைக் கொம்பு என்றும் பேதம் கிடையாது. கொம்பு போட்டு, பகரம் எழுதி, ஒரு காலும் இழுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் ‘பெர’ என்று படிக்கலாம். ‘பெர்’, ‘பேர’, ‘பேர்’ என்றும் படிக்கலாம். ‘பொ’ என்றாலும் சரி, ‘போ’ என்றாலும் சரி! ஒரு புலவன் பேரைக் கேட்டானா, போகச் சொன்னானா என்று தெரியாமல் பின்வந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொம்பின் குழப்பத்தைத் தீர்த்தவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் என்பது ஸ்வாரஸ்யமான விஷயம். கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி செய்த வீரமாமுனிவர், குறிலுக்குப் புள்ளி வைப்பதை நம்பிப் பயனில்லை என்று கண்டார். நெடிலுக்குக் கொம்பின் மேல் ஒரு சுழி சேர்த்தார். எழுத்தாணிக்குக் குத்தத்தான் பயம், சுழிக்கப் பயமில்லை. கருவியோடு சண்டை போடாமல், அதற்கு எது சுலபமோ அதைக் கொண்டே காரியத்தை முடித்த அந்தச் சாதுரியத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

திருச்சிக்குப் பெருமை சேர்த்த இன்னொரு பெரியவர், திரிசிரபுரம் என்ற அடைமொழியோடு வழங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ல் இந்த ஊருக்கு அருகே பிறந்து நெடுங்காலம் இங்கே பாடம் சொன்னவர். பல தல புராணங்களையும் திருவானைக்கா அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்களையும் பாடிய அவர், பெரும்பாலும் தம் கையால் எழுதுவதில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஒருவர் ஏட்டில் கீறிக்கொண்டு வருவார். ஏடு எழுதுவது லேசான வேலையா? இடது கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் செய்து, எழுத்தாணியை அதில் பொருத்திக்கொள்ள வேண்டும். எழுத்தாணி அதிகம் நகராது, ஓலைதான் நகரும். எழுதுபவரின் கை ஓய்ந்துபோகும்படி பிள்ளை பாடல்களைப் பொழிந்த கதையை அவருடைய மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் சொல்லியிருக்கிறார். பாடியவரின் பெயர் நிலைத்தது. நகம் தேய்ந்தவர்கள் எத்தனை பேரை நாம் அறிவோம்?

அந்தச் சாமிநாதையர்தான் பிறகு புள்ளியில்லாத ஏடுகளோடு ஆயுள் முழுவதும் மல்லாடினார். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஐயமில்லாத புள்ளியோடு தமிழ் அச்சேறியது. ஆனால் அவர் போய்ச் சேர்வதற்குள் மறைந்த ஏடுகள் எத்தனையோ! கறையான் தின்றது போக, மிச்சத்தை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களும் உண்டு. பழைய ஏட்டைப் பிரதி செய்யத் தெம்பில்லாத வீட்டார், அதைக் குப்பையில் எறிய மனம் வராமல், புண்ணிய நதிக்குக் கொடுத்தார்கள். பக்தியோடு செய்த நாசம் அது. ஸ்ரீரங்கத்தின் நீண்ட சரித்திரத்தைச் சொல்லும் கோயிலொழுகு நமக்குக் கிடைத்திருக்கிறதென்றால், தலைமுறைதோறும் யாரோ உட்கார்ந்து அதைப் பெயர்த்து எழுதியதனால்தான். 1371-ல் நம்பெருமாள் திரும்பி எழுந்தருளியதைக் கல்வெட்டு சுலோகத்தில் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது; கதையை விரித்துச் சொல்வது ஏடுதான்.

பிறகு தட்டெழுத்து யந்திரம் வந்தது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்கும் பிரச்னைக்கு வழி கண்டவர் யாழ்ப்பாணத்து ரா. முத்தையா. சில விசைகளை அழுத்தினால் எழுத்து விழும், ஆனால் உருளை நகராது. புள்ளி அப்படிப்பட்ட விசை. முதலில் காகிதத்தில் வெறும் புள்ளி விழும். அப்புறம் அதன் கீழே ககரமோ மகரமோ வந்து உட்காரும். தலைக்கு முன்னால் குல்லாய் பிறந்த மாதிரி! ரயில்வே தலைமையகமும் கலெக்டர் கச்சேரியும் இருந்த திருச்சியில், தட்டெழுத்துப் பரீட்சை தேறுவது பல குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் உத்தியோகத்தின் முதல் படியாக இருந்தது.

கணிப்பொறியின் காலத்தில் ஸ்ரீரங்கத்துக்கு மறுபடி ஒரு பங்கு கிடைத்தது. 1935-ல் பிறந்து, பாட்டியின் வளர்ப்பில் ஸ்ரீரங்கத்தில் படித்த ரங்கராஜன், 1953-ல் திருச்சி ‘சிவாஜி’ பத்திரிகையில் முதல் கதையை எழுதினார். பின்னால் சுஜாதா என்ற பெயரில் புகழ்பெற்றார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு யந்திரத்தை உருவாக்கியதில் பங்குகொண்ட இந்த எஞ்சினியர், கணிப்பொறியிலேயே தமிழ் எழுதத் துணிந்த முன்னோடிகளில் ஒருவர். அப்போது ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு ஜாதி. ஒருவர் எழுதியது இன்னொருவர் யந்திரத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் தொண்ணூறுகளில் பழைய எழுத்துருக்களில் அடித்து, மாற்றி வைக்காமல் விட்ட கோப்புக்கள் பல இன்று திறக்க முடியாமல் கிடக்கின்றன. அவற்றை யாரும் ஆற்றில் கூட விடவில்லை.

1999-ல் தமிழக அரசு ஒரு பொது விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. அதற்குத் தமிழ் 99 என்று பெயர். அதில் ஒரு வினோதம். ககரத்தை இரண்டு தரம் அடித்தால் முதல் ககரத்தின் தலையில் புள்ளி தானாகவே வந்து விழுகிறது. ‘அக்கா’ என்று அடிக்கப் புள்ளி விசையைத் தேட வேண்டியதில்லை. பழைய ஏட்டில் எழுதியவர் வைக்காத புள்ளியைப் படிக்கிறவர் மனத்துக்குள் வைத்துக்கொண்டார். இப்போதும் எழுதுகிறவர் வைப்பதில்லை, யந்திரம் வைத்துக்கொள்கிறது.