இடுப்பெலும்பு முறிவும் சிறுநீர்ப்புறவழி அறுவையும்: ஒரு விவாதத்தின் வரலாறு

விபத்தில் இடுப்பெலும்பு வளையம் நொறுங்கும்போது ஆண்களுக்குச் சிறுநீர்ப்புறவழியின் பின்பகுதி சில வேளைகளில் முற்றிலும் அறுபடுகிறது. உறையும் குருதி சிறுநீர்ப்பையையும் புராஸ்டேட் சுரப்பியையும் மேலே தள்ளுவதால் அறுந்த முனைகள் விலகி நிற்கின்றன. அவற்றை உடனே சேர்ப்பதா, காத்திருந்து சேர்ப்பதா என்பதே இத்துறையின் நெடுங்கால வினா.

1934-இல் ஆர்மண்ட், காத்ரன் ஆகிய இருவரும் அறுபட்ட வழியில் வடிகுழாயைச் செலுத்தி முனைகளை நேர்ப்படுத்தும் எளிய முறையை வெளியிட்டனர். பலர் இதைப் பின்பற்றினர். வடிகுழாயை இழுத்துக் கட்டி முனைகளை நெருக்குவோரும் இருந்தனர். சிறுநீர்ப்பையின் கழுத்தை இவ்விழுவிசை சிதைக்கக்கூடும் என்பது பின்னரே உறைத்தது.

சுவீடனைச் சேர்ந்த யோஹான்சன் 1953-இல் மாற்றுவழி காட்டினார். அடிவயிற்றில் துளையிட்டுச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, காயம் ஆறியபின் புறவழியைச் சீரமைப்பது அவர் முறை. மான்ட்ரியலின் மோர்ஹவுஸ், பெலிட்ஸ்கி, மக்கின்னன் ஆகியோர் 1972-இல் இதனை வலுவாக ஆதரித்தனர். உடனடி அறுவை பெற்றோரிடம் ஆண்மைக் குறைவும் சிறுநீர் அடக்கமின்மையும் மிகுதி என்பது அவர்கள் வாதம். நோயாளிக்கு இவ்விரண்டும் வாழ்நாள் இழப்புகள். ஆகவே வாதம் விரைவில் வென்றது. எனினும் ஒப்பிடப்பட்ட இரு குழுவினரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். நரம்பையும் குருதிக்குழலையும் முதலில் கிழித்தது எலும்பா, கத்தியா என்பதை அத்தகைய ஒப்பீடு முடிவுசெய்ய இயலாது. ஆண்மைக் குறைவுக்குப் பெரும்பாலும் காயமே காரணம் என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது.

காத்திருத்தலுக்கும் விலை உண்டு. அறுந்த இடம் தழும்பால் அடைபடும். நோயாளி மாதக்கணக்கில் வயிற்றுக் குழாயுடன் வாழ வேண்டும். தழும்பை அகற்றியபின் இடைவெளியை நிரப்புவது எவ்வாறு? 1973-இல் வாட்டர்ஹவுஸ் குழுவினர் பூப்பெலும்பை வெட்டி வழி திறந்தனர். பார்வை விரிந்தது, ஆனால் அறுவை பெரிதாயிற்று. வெப்ஸ்டரும் ரமோனும் 1991-இல் 74 நோயாளிகளின் அனுபவத்துடன் விளக்கிய கவட்டு வழி அறுவை வேறு தருக்கத்தின் மேல் நின்றது. புறவழி பூப்பெலும்பின் கீழ் வில்லாக வளைந்து செல்வது. வில்லை நாணாக்கினால் தொலைவு குறையும். முதலில் புறவழியைச் சூழ்ந்த திசுவிலிருந்து விடுவிப்பர். போதாவிடில் ஆண்குறியின் இரு தண்டுகளையும் நடுவில் பிரிப்பர். அதன்பின் எலும்பின் கீழ்விளிம்பைச் செதுக்குவர். இறுதியாகத் தண்டின் வேருக்கு மேலாகப் புறவழியைத் திருப்பிவிடுவர். இந்நான்கும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. இழுவிசையின்றி முனைகள் பொருந்தும் நிலையிலேயே மருத்துவர் நிறுத்திக்கொள்வார். இம்முறையின் அருமை இந்தப் படிநிலைச் சிக்கனத்தில்தான் உள்ளது.

உள்நோக்கிக் கருவிகள் வந்தபின் கைவிடப்பட்ட நேர்ப்படுத்தும் முறை மென்மையான வடிவில் மீண்டது. இப்போது அதன் இலக்கு குறுக்கத்தை அறவே தவிர்ப்பதன்று. பின்னர் அறுவை தேவைப்பட்டால் முனைகள் அருகருகே இருக்கச் செய்வதே.