சிசேரியனுக்குப் பிந்தைய எபிடியூரல் வலிநீக்கத்தின் வரலாறு

தண்டுவடத்தை மூடியிருக்கும் தடித்த உறைக்கு வெளியே உள்ள குறுகிய இடைவெளி எபிடியூரல் வெளி எனப்படுகிறது. சிசேரியன் முடிந்த தாய்க்கு இவ்வெளியில் மருந்து செலுத்தி வலியைத் தணிக்கும் முறை 1970களின் இறுதியில்தான் புதிய வடிவம் பெற்றது. ஆனால், அதற்கான வழி வெகு முன்பே திறந்துவிட்டது.

1901ஆம் ஆண்டில் பாரிசில் சிக்கார், கத்தலான் என்னும் இரு மருத்துவர்கள், ஒருவரையொருவர் சாராமல், முதுகின் அடிமுனை வழியாக இவ்வெளியை அடைந்தனர். இடுப்புப் பகுதி வழியாக மருந்து செலுத்தி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று காட்டியவர் ஸ்பெயின் நாட்டு இராணுவ அறுவை மருத்துவர் ஃபிதெல் பாகேஸ். 1921இல் அவர் எழுதிய கட்டுரை ஸ்பானிய மொழியில் மட்டுமே வெளியானதால், பிற நாட்டவர் கண்ணில் பெரிதாகப் படவில்லை. 1923இல் அவர் கார் விபத்தில் இறந்துபோனார். 1930களில் இத்தாலியரான டொலியோட்டி இம்முறையைப் பரப்பியபோது புகழ் அவருக்கே சென்றது. பாகேசுக்கு உரிய இடம் கிடைக்கத் தாமதமானது மருத்துவ வரலாற்றின் வருந்தத்தக்க செய்திகளுள் ஒன்று.

1940களில் கியூபாவின் மார்ட்டினெஸ் குர்பெலோ, டூயி ஊசி வழியாக மெல்லிய குழாயை உள்ளே நுழைத்து அங்கேயே விட்டுவைத்தார். இதனால் ஒரே ஊசியோடு நில்லாமல், வேண்டும்போதெல்லாம் மருந்து கொடுக்க முடிந்தது.

ஆயினும் சிசேரியனுக்குப் பின் ஒரு சிக்கல் தீரவில்லை. தையல் போட்ட வயிற்றோடு தாய் குழந்தையைத் தூக்கிப் பாலூட்ட வேண்டும். கால் சிரைகளில் இரத்தம் உறையாதிருக்க விரைவில் எழுந்து நடக்கவும் வேண்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் வலி போகும், கூடவே கால்களின் வலுவும் குறையும், இரத்த அழுத்தமும் இறங்கும். பெத்தடின் போன்ற ஊசிகளைத் தசையில் போட்டாலோ தாய்க்குத் தூக்கக் கலக்கம். மருந்தின் ஒரு பங்கு தாய்ப்பாலிலும் கலக்கும்.

விடை எலிகளிடமிருந்து வந்தது. 1976இல் யாக்ஷ், ரூடி ஆகியோர் எலிகளின் தண்டுவடத்தருகே மார்ஃபினைச் செலுத்தினர். வலி மட்டும் அடங்கியது. எலிகள் வழக்கம்போல் நடமாடின. தண்டுவடத்திலேயே மார்ஃபின் பற்றிக்கொள்ளும் இடங்கள் இருப்பதே காரணம். 1979இல் எருசலேமைச் சேர்ந்த பெஹார் குழுவினர் எபிடியூரல் வெளியில் 2 மில்லிகிராம் மார்ஃபின் செலுத்திக் கடும் வலி தணிந்ததைப் பதிவு செய்தனர். விரைவில் சிசேரியன் தாய்மாருக்கும் இது பயன்படலாயிற்று. பொதுவாக 2 முதல் 4 மில்லிகிராம் அளவுள்ள ஒரு தவணையே ஏறக்குறைய ஒரு நாள் வரை வலியைக் குறைக்கிறது, கால்கள் மரப்பதில்லை.

மார்ஃபின் நீரில் எளிதில் கரைவதால் தண்டுவட நீரில் நெடுநேரம் தங்குகிறது. நன்மைக்குக் காரணமான இதே இயல்புதான் ஆபத்துக்கும் காரணம். அது மெல்ல மூளையை நோக்கி ஏறி, பல மணி நேரம் கழித்து மூச்சை மந்தப்படுத்தக்கூடும். அரிதாகவே இது நிகழ்கிறது என்றாலும், தாய் உறங்கும்போது செவிலியர் மூச்சின் எண்ணிக்கையைக் கவனித்துவருவது இதற்காகவே. அரிப்பும் குமட்டலும் இதைவிட அதிகம் காணப்படுபவை.

முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியன்களில் இன்று தண்டுவட நீரிலேயே ஒரு முறை போடும் ஊசி பெரும்பாலும் எபிடியூரலின் இடத்தைப் பிடித்துவிட்டது. அதில் மார்ஃபினும் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது. பாரசிட்டமால் போன்ற மருந்துகள் துணைக்குத் தரப்படுகின்றன. பிரசவ வலிக்காக ஏற்கெனவே எபிடியூரல் குழாய் வைக்கப்பட்ட பெண்ணுக்கு இடையில் சிசேரியன் தேவைப்பட்டால் மட்டும் பழைய வழியே கைகொடுக்கிறது: குழாயை எடுப்பதற்கு முன் அதன் வழியாகவே மார்ஃபின் செலுத்தப்படுகிறது.