மேடையும் வாக்கும்: ஏதென்சு, ரோம், விருத்தாசலம்

ஏதென்சில் நாடகம் அரசு விழாவின் ஓர் அங்கம். பாடற்குழுவின் செலவைச் செல்வந்தர் ஒருவர் ஏற்பார். கி.மு. 472இல் எஸ்கிலசின் 'பாரசீகர்கள்' நாடகத்துக்குப் பணம் கொடுத்தவர் பெரிக்கிளீசு; பிற்காலத்தில் அந்நகரின் தலைவரானவர். அங்கே நடிகரும் அரசியலுக்கு வரலாம். பேச்சாளர் டெமோஸ்தனீசை எதிர்த்து வாதிட்ட ஏஸ்கினீஸ் ஒருகாலத்தில் துன்பியல் நடிகர்.

ரோமில் கேளிக்கை, பதவி நாடுவோர் மக்களுக்குத் தந்த கொடையாக இருந்தது. கி.மு. 65இல் சூலியசு சீசர் 320 இணை வாள்வீரர்களை மோதவிட்டு மக்களைக் கவர்ந்தார். கொலோசியம் கி.பி. 80இல் திறக்கப்பட்டபோது நூறு நாள் விளையாட்டுகள் நடந்தன. ஆனால் நடிகரும் வாள்வீரரும் சட்டப்படி இழிநிலையினர். அவர்களால் பதவி வகிக்க முடியாது.

தமிழகம் சென்ற வழி வேறு. 1876இன் நாடகச் சட்டத்தைக் கொண்டு ஆங்கில அரசு மேடையைக் கட்டுப்படுத்தியபோதும், விடுதலை இயக்கம் நாடகங்களில் ஒலித்தது. பின்னர் அண்ணாவும் கருணாநிதியும் எழுத்தால் திரையைக் கட்சி மேடையாக்கினர். 1962இல் நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் தேனியில் வென்று சட்டமன்றம் சென்றார்; 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வரானார்.

பீங்கான் தொழிலுக்கும் பழமலைநாதர் கோயிலுக்கும் பெயர்பெற்ற விருத்தாசலம் இந்த வரலாற்றில் 2006இல் இடம்பெற்றது. நடிகர் விஜயகாந்த் 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்களே கட்சிக் கிளைகளாயின. மறு ஆண்டுத் தேர்தலில் கூட்டணி இல்லாமல் நின்ற அக்கட்சி மாநில அளவில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றது. வென்ற தொகுதியோ விருத்தாசலம் ஒன்றுதான். அங்கே பா.ம.க. வேட்பாளரை 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் விஜயகாந்த் தோற்கடித்தார். 2010இல் அவரே இயக்கி நடித்த படத்துக்கு, ஊர்க் கோயில் இறைவன் விருத்தகிரீசுவரரை நினைவூட்டும் 'விருதகிரி' என்ற பெயர் வைக்கப்பட்டது.

2011இல் அவர் ரிஷிவந்தியத்தில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அக்கட்சி 29 இடங்களைப் பிடித்தது. 2016இல் ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2021இல் விருத்தாசலத்தில் நின்ற அவருடைய மனைவி பிரேமலதாவும் தோற்றார்.

ரோம் தன் கலைஞருக்கு மறுத்த பதவியைத் தமிழக வாக்காளர் வாக்குரிமையால் வழங்கினர்; அதே உரிமையால் திரும்பவும் பெற்றுக்கொண்டனர். திரைப்புகழ் சட்டமன்றத்தின் கதவைத் திறக்கும். அங்கே நிலைத்திருக்க அது மட்டும் போதாது.